சவுக்குக் கம்பு ஓட்டுக்கூரையைத் தாங்குமா? விரைந்து வளரும் மரங்களைச் சிறு வீடுகளில் பயன்படுத்துவது பற்றி

நெய்தல்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூருக்குத் தெற்கே, கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே எங்களுக்கு இரண்டு ஏக்கர் சவுக்குத் தோப்பு இருக்கிறது. நட்டு ஐந்தாவது ஆண்டு நடக்கிறது. வழக்கமாக வியாபாரி வந்து நின்ற மரமாகவே விலை பேசி, டன் கணக்கில் வெட்டிச் செல்வார். பருத்த பகுதி காகித ஆலைக்கும், நேரான கம்புகள் சாரம் கட்டுவதற்கும், கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங் முட்டுக்கும் போகும்.

இந்த முறை தோப்பின் ஒரு பகுதியை விற்காமல் வைத்துக்கொண்டு, அதே நிலத்தில் 14 அடி அகலமும் 24 அடி நீளமும் உள்ள சிறிய பண்ணை வீடு ஒன்றைக் கட்ட விரும்புகிறேன். செங்கல் சுவர், இருபக்கச் சரிவுள்ள மங்களூர் ஓட்டுக்கூரை என்று முடிவு செய்திருக்கிறோம். கைமரம் (சுவரிலிருந்து முகட்டுக்குச் சரிவாக ஏறும் கம்பு), வளை (கைமரங்களைக் குறுக்கே தாங்கும் கம்பு), டிரஸ் (வளையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) ஆகிய எல்லாவற்றையும் எங்கள் சவுக்கிலேயே செய்ய முடியுமா என்பதுதான் என் கேள்வி.

கொத்தனார், "சவுக்கு முட்டுக் கொடுக்கத்தான், வீட்டுக்கு ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் சொல்வதையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. என் தந்தை போட்ட மாட்டுக்கொட்டகையில் தரையில் ஊன்றிய சவுக்குக் கால்கள் மூன்றாம் ஆண்டே மண்மட்டத்தில் இற்று முறிந்தன. ஆனால் அதே கொட்டகையின் மேற்பகுதியில் இருந்த கம்புகள் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பிரித்தபோதும் திடமாக இருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆறு மாடிக் கட்டடத்தின் சாரத்தையும் ஈரக் கான்கிரீட்டின் எடையையும் தாங்குகிற கம்பு, ஓட்டைத் தாங்காது என்று ஏன் சொல்கிறார்கள்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உளியும் இழைப்பும் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் மூன்று தலைமுறையாகத் தச்சுவேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். சவுக்கைப் பற்றிய அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். சவுக்கு நம் நாட்டுக்கு வந்தே ஒன்றரை நூற்றாண்டுதான் ஆகிறது. 1868இல் கார்வார் கடற்கரையில் நட்டதிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. தேக்குக்கும் வேங்கைக்கும் பலாவுக்கும் எங்கள் பெரியவர்கள் வைத்திருந்த அளவுக் கணக்கு சவுக்குக்கு இல்லை. அளவு தெரியாத மரத்தைத் தச்சன் வீட்டில் ஏற்றமாட்டான்.

அதற்கு மேல் வேறு ஒரு காரணமும் இருக்கிறது. யாராவது சவுக்கை மில்லில் கொடுத்து நான்குக்கு இரண்டு சட்டமாக அறுத்துக் கொண்டுவருவார்கள். அறுத்த இரண்டாம் வாரம் அது வில்லாக வளையும், முறுக்கிக்கொள்ளும், முனைகளில் வெடிக்கும். காய்ந்த பிறகு ஆணி இறங்காது. வலிந்து அடித்தால் ஆணி மடங்கும், அல்லது கட்டை பிளக்கும். தைலமரம் இதைவிட மோசம். வாள் பாதி தூரம் போவதற்குள் அறுத்த இரு பாதிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வளைவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட சட்டத்தில் ரீப்பர் (ஓடு உட்காரும் மெல்லிய குறுக்குச் சட்டம்) அடித்து ஓடு போட்டால் ஓட்டு வரிசை எப்படி நேராக நிற்கும்? அதனால்தான் "ஆகாது" என்றார்கள்.

ஆனால் உருட்டுக் கம்பாகவே, வாள் படாமல் பயன்படுத்தினால் நிலைமை வேறு. நின்ற மரத்தில் வெளிப்பகுதி இழுபட்டும் உட்பகுதி அழுத்தப்பட்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு இருக்கின்றன. நடுவே பிளந்தால் அந்தச் சமநிலை குலைந்து கட்டை வளைகிறது. முழுக்கம்பாக விட்டால் சுற்றிலும் ஒரே இழுப்பு இருப்பதால் பெரும்பாலும் நேராகவே காய்கிறது. பட்டையை மட்டும் வெட்டிய வாரத்துக்குள் முழுவதும் உரித்துவிட வேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில்தான் துளைப்பூச்சி குடியேறுகிறது.

கம்பியும் கட்டையும் எழுதியது:

கட்டமைப்புப் பொறியாளன் என்ற முறையில் சில கணக்குகளை முன்வைக்கிறேன். தச்சர் நண்பர் சொன்ன உருட்டுக் கம்பு என்ற கருத்து கணக்கிலும் உண்மையாகிறது. அறுக்கும்போது கணுவைச் சுற்றி ஓடும் நார்கள் வெட்டுப்படுகின்றன. உருட்டுக் கம்பில் அவை அறுபடாமல் முனைக்கு முனை ஓடுகின்றன.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். வேகமாக வளர்ந்த மரம் என்பதனாலேயே அது வலிமை குறைந்தது என்று சொல்ல முடியாது. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் வேகம் கூடினால் அடர்த்தி குறைவது உண்மை. சவுக்கு, தைலமரம் போன்றவற்றில் வேகத்தைவிட வயதே முக்கியம். எந்த மரமும் தன் முதல் சில ஆண்டுகளில் மையத்தைச் சுற்றி உருவாக்கும் இளமரம் விறைப்புக் குறைந்தது. காயும்போது நீளவாக்கிலும் சுருங்கக்கூடியது. ஐந்து ஆண்டுக் கம்பு கிட்டத்தட்ட முழுவதும் இளமரம்தான். ஆகவே முதிர்ந்த சவுக்குக்குப் பட்டியலில் இருக்கும் எண்ணை எடுத்து இளங்கம்புக்குப் பயன்படுத்தக் கூடாது.

கட்டட மரத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 883, மரங்களை மூன்று பிரிவுகளாக வைக்கிறது. கடைசிப் பிரிவான சி-யில் விறைப்பு எண் (வளையாமல் எதிர்க்கும் திறனின் அளவு) சதுர மில்லிமீட்டருக்கு 5,600 முதல் 9,800 நியூட்டன் வரை. வளைவில் அனுமதிக்கப்படும் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கலாம் என்கிற விசை, 8.5 நியூட்டனிலிருந்து தொடங்குகிறது. உங்கள் கம்பை அந்தப் பிரிவின் அடிமட்டத்தில் வைத்தே கணக்கிடுகிறேன்.

ஓட்டுக்கும் ரீப்பருக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ, கம்பின் சொந்த எடைக்கு 5 கிலோ, பழுதுபார்க்க ஏறுபவருக்கும் பிறவற்றுக்கும் 40 கிலோ, ஆக 110 கிலோ. 14 அடி அகலத்துக்கு 30 பாகைச் சரிவில் கைமரத்தின் நீளம் சுவருக்கும் முகட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 2.4 மீட்டர் வரும். இரண்டு அடிக்கு ஒரு கைமரம் என்று வைத்து, நடுவிட்டம் 75 மில்லிமீட்டர் உள்ள கம்பைப் போட்டால் தகைவு 11.5 நியூட்டன், அனுமதித்ததைத் தாண்டிவிட்டது. 90 மில்லிமீட்டர் கம்பில் அது 6.6 ஆகக் குறைகிறது; முறியாது.

ஆனால் அந்த 90 மில்லிமீட்டர் கம்பும் நடுவில் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் தொய்கிறது. நீளத்தில் 240இல் ஒரு பங்கு, அதாவது 10 மில்லிமீட்டர்தான் நாம் வைத்துக்கொள்ளும் எல்லை. மரம் நிரந்தரச் சுமையின் கீழ் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மேலும் தொய்யும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் மோசம். ஆக, இளங்கம்பில் முறிவைவிடத் தொய்வே முதலில் நம்மைத் தடுக்கிறது. சென்ட்ரிங் முட்டோடு கூரையை ஒப்பிட முடியாததற்கும் இதுவே காரணம். முட்டு நெடுக்குவாக்கில் அமுக்கப்படுகிறது. சில வாரங்களில் கழற்றப்படுகிறது. கைமரமோ குறுக்குவாக்கில், முப்பது ஆண்டு, இரவும் பகலும் வளைக்கப்படுகிறது.

இதற்குத் தீர்வாகக் கம்பைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டியதில்லை. தாங்கலுக்குத் தாங்கல் உள்ள தூரத்தைக் குறையுங்கள். தொய்வு அந்தத் தூரத்தின் நான்காம் படியில் மாறுகிறது. தூரத்தைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். கைமரத்தின் நடுவில் ஒரு வளையைக் கொடுத்தால் முதலில் தோற்ற அதே 75 மில்லிமீட்டர் கம்பில் தகைவு 2.9 நியூட்டன், தொய்வு 2 மில்லிமீட்டர். அந்த வளைக்கு 110 மில்லிமீட்டர் கம்பை எடுத்து, 1.8 மீட்டருக்கு ஒரு டிரஸ் வைத்துத் தாங்குங்கள். 24 அடி நீளத்துக்கு இருபுற முக்கோணச் சுவர் போக நடுவில் மூன்று டிரஸ் போதும். தேக்குச் சட்டத்தில் கட்டும் கூரையின் அமைப்பை அப்படியே எடுத்து, மரத்தை மட்டும் சவுக்காக மாற்றினால் தோற்றுப்போவீர்கள். மரத்தை மாற்றினால் அமைப்பையும் மாற்ற வேண்டும்.

நெய்தல்தோப்பு எழுதியது:

ஐயா, இவ்வளவு தெளிவாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி. ஒரு சந்தேகம். என் கம்புகள் எல்லாம் ஒரே தரமாக இருக்காதே. வரப்போரம் நின்றவை தடித்தும், நடுவில் நெருக்கமாக நின்றவை மெலிந்து நேராகவும் இருக்கின்றன. எது 5,600க்கு மேல், எது கீழ் என்று தோப்பில் நின்றுகொண்டு எப்படி அறிவது?

கம்பியும் கட்டையும் எழுதியது:

மிகச் சரியான கேள்வி. நியூசிலாந்தில் 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டும் ரேடியேட்டா பைன் மரத்தைக் கொண்டே பெரும்பாலான வீடுகளைக் கட்டுகிறார்கள். அங்கே ஒவ்வொரு சட்டமும் எவ்வளவு வளைகிறது என்று இயந்திரம் அளந்து தரம் பிரித்த பிறகே கட்டடத்துக்கு வருகிறது. விரைந்து வளரும் மரத்தில் கம்புக்குக் கம்பு வேறுபாடு மிகுதி. ஆகவே பிரித்தெடுப்பதுதான் முழு வித்தையும். நம்மிடம் அந்த இயந்திரம் இல்லை, ஆனால் சிமென்ட் மூட்டை இருக்கிறது.

காய்ந்த கம்பை 2.4 மீட்டர் இடைவெளியில் இரண்டு கல்மேடைகள்மீது கிடத்துங்கள். நடுவில் தரையிலிருந்து அதன் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சரியாக நடுவில் 50 கிலோ மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். நடுவிட்டம் 75 மில்லிமீட்டர் உள்ள கம்பு 16 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் அது நான் கணக்கில் எடுத்த விறைப்புக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். 90 மில்லிமீட்டர் கம்புக்கு அந்த எல்லை 8 மில்லிமீட்டர். தாண்டியதைக் கூரைக்கு எடுக்காதீர்கள், வேலிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விட்டத்தை நூல் சுற்றி அளந்து 3.14ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விட்டத்தில் 5 மில்லிமீட்டர் பிழைத்தாலும் எல்லை வெகுவாக மாறிவிடும். பச்சைக் கம்பு கூடுதலாக வளையும் என்பதால் சோதனையைக் காய்ந்த பிறகே செய்யுங்கள்.

மரத்தின் வேதி எழுதியது:

வலிமையைப் பற்றிய உரையாடல் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் நெய்தல்தோப்பு ஐயாவின் தந்தை போட்ட கொட்டகையை மறந்துவிட வேண்டாம். அங்கே கம்பு வலிமை போதாமல் முறியவில்லை, மண்மட்டத்தில் பூஞ்சையும் கரையானும் தின்றதால் முறிந்தது. மரப்பாதுகாப்புத் துறையில் பணியாற்றியவன் என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும்.

முதிர்ந்த தேக்கு ஏன் நிலைக்கிறது? அதன் வைரப்பகுதியில் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஒவ்வாத இயற்கைப் பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. ஐந்து ஆண்டுக் கம்பில் வைரம் ஏறக்குறைய இல்லை. இருப்பதெல்லாம் நீரையும் மாவுச்சத்தையும் கொண்ட வெளிமரம். இது பெரிய குறை என்பதில் ஐயமில்லை. ஆயினும் வைரம் பாய்ந்த மரத்துக்குள் மருந்து எளிதில் இறங்காது. வெளிமரமோ மருந்தைக் குடிக்கும். இளங்கம்பின் இந்தக் குணத்தை நாம் அறிந்து பயன்படுத்தினால் அதன் பலவீனமே நமக்கு உதவியாக மாறுகிறது. விரைந்து வளரும் மரத்தை மருந்தேற்றாமல் கட்டடத்தில் வைப்பவர்கள் அந்த மரத்துக்கே கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

எந்த மருந்து என்பது அடுத்த கேள்வி. உலகம் முழுவதும் மின்கம்பங்களுக்கும் வேலிக்கால்களுக்கும் பல பத்தாண்டுகள் பயன்பட்ட செம்பு–குரோமியம்–ஆர்செனிக் கலவையைக் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சோன்டி காமேசம் என்ற இந்திய அறிவியலாளர். 1930களில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதில் ஆர்செனிக் இருப்பதால் அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டிலிருந்து அது விலக்கப்பட்டது. மனிதர் வாழும் வீட்டுக்கு நானும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மருந்தேற்றும் ஆலை அருகில் இருந்தால் செம்பு–குரோமியம்–போரான் கலவையை அழுத்த முறையில் ஏற்றித் தருவார்கள்.

ஆலை இல்லாவிட்டால், கூரைக்குக் கீழே மழை படாத உறுப்புகளுக்கு, போரான் உள்ள வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கலந்த கரைசல் போதுமானது. நூறு லிட்டர் வெந்நீருக்கு வெங்காரம் 6 கிலோ, போரிக் அமிலம் 4 கிலோ என்ற அளவில் கலக்கலாம். இதற்குக் கம்பு காய்ந்திருக்கக் கூடாது. வெட்டிப் பட்டை உரித்த உடனே, பச்சையாக இருக்கும்போதே மூழ்க வைக்க வேண்டும். மரத்தில் உள்ள நீர் வழியாகத்தான் போரான் உள்நோக்கிப் பரவுகிறது. ஊறவைத்து எடுத்த பிறகு உடனே வெயிலில் போடாமல், அடுக்கித் தார்ப்பாயால் இறுக மூடி மூன்று நான்கு வாரம் வைத்தால் மருந்து உள்ளே இறங்கும். பிறகு நிழலில் காற்றோட்டமாக அடுக்கிக் காயவையுங்கள். கையுறை கட்டாயம், மீந்த கரைசலைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்.

போரானுக்கு ஒரு குறை உண்டு. மழை பட்டால் கரைந்து வெளியேறிவிடும். ஆகவே மழையில் நனையும் முனைகளுக்கும் மண்ணைத் தொடும் கால்களுக்கும் இது உதவாது. கால்களே வேண்டாம் என்று செங்கல் சுவர் வைத்திருப்பது நல்ல முடிவு. திண்ணைக்குத் தூண் வைப்பதானால் தரையிலிருந்து ஓர் அடி உயரக் கான்கிரீட் பீடத்தின்மேல், இரும்புக் காலணியில் நிறுத்துங்கள். மண்ணில் ஊன்றாதீர்கள்.

உளியும் இழைப்பும் எழுதியது:

ஐயா சொன்ன வெளிமரம், மாவுச்சத்து என்ற விளக்கம் எங்கள் பழக்கம் ஒன்றை எனக்கு இப்போதுதான் புரியவைத்தது. மூங்கிலையும் பனஞ்சட்டத்தையும் குளத்தில் அமிழ்த்திச் சில வாரங்கள் ஊறப்போடுவோம்; நாற்றமெடுக்கும், பிறகு எடுத்துக் காயவைத்தால் உளுக்காது. சத்து நீரில் கரைந்துபோவதால் உளுப்புப் பூச்சிக்கு உணவில்லாமல் போகிறது போலும். ஆனால் அப்படி ஊறவைத்ததையும் கரையான் தின்றதைக் கண்டிருக்கிறேன். ஆகவே நீரில் ஊறப்போட்டாலே போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இரும்புச்சட்டம் எழுதியது:

மாற்றுக் கருத்தைப் பதிவு செய்வது கடமை என்று எண்ணுகிறேன். மேலே உள்ள அறிவுரைகள் ஒவ்வொன்றும் சரி. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வெட்ட வேண்டும், உரிக்க வேண்டும், மருந்தில் ஊறவைக்க வேண்டும், மாதக்கணக்கில் காயவைக்க வேண்டும், மூட்டை கட்டிச் சோதிக்க வேண்டும், அதற்கு மேல் மூன்று டிரஸ். இதே கூரையைச் சதுரக் குழாய் இரும்பில் நான்கு நாளில் பற்றவைத்து ஏற்றிவிடலாம். ஆண்டுதோறும் கூரைக்குள் ஏறிப் பூச்சி வந்ததா என்று பார்க்கும் பொறுமை எத்தனை குடும்பங்களுக்கு இருக்கிறது? தன் கையால் கட்டி, தானே குடியிருக்கும் ஒருவருக்கு இது பொருந்தலாம். வாடகை வீட்டுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், பொது இடத்துக்கும் இதை நான் ஏற்க மாட்டேன்.

கம்பியும் கட்டையும் எழுதியது:

உங்கள் கவலை நியாயமானது. பராமரிப்பவர் இல்லாத கட்டடத்துக்கு வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் கடலிலிருந்து மூன்று கிலோமீட்டரில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயும் பராமரிப்பு இல்லாமல் நிலைக்காது. வெளியே பூசிய பெயின்ட் நன்றாக இருக்கும்போதே, பற்றவைத்த முனைகளில் மூடாமல் விட்ட துளை வழியாக உப்புக்காற்று நுழைந்து உள்ளிருந்து அரித்த குழாய்களை நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். இரும்பின் துருவும் மரத்தின் உளுப்பும் இரண்டுமே கண்காணிப்பைக் கேட்பவைதான். காலச் செலவு பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. தோப்பு சொந்தமாக இல்லாதவர், வெட்டிய கம்பை விலைக்கு வாங்கி இவ்வளவையும் செய்வது பலருக்குக் கட்டுப்படியாகாது.

கஜாவுக்குப் பின் எழுதியது:

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்தைச் சேர்ந்தவன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு முழுவதும் சாய்ந்தது. சாய்ந்த தென்னையை அறுத்து ஒரு கொட்டகைக்கு மேற்கூரை போட்டோம். அந்த அனுபவத்திலிருந்து இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

தென்னைக்கு உரம் வெளிச்சுற்றில் இருக்கிறது, நடுப்பகுதி பஞ்சு. பழைய இலக்கணக்காரர்கள் புறக்காழ் (வைரம் வெளியே), அகக்காழ் (வைரம் உள்ளே) என்று பிரித்தது எவ்வளவு நுட்பமானது என்பது அறுக்கும்போதுதான் தெரிந்தது. முதிர்ந்த தென்னையின் அடிப்பகுதியில், விளிம்பை ஒட்டி எடுத்த சட்டங்கள் மட்டுமே கூரைக்குத் தேறின.

இரண்டாவது செய்திதான் முக்கியம். புயலன்று எங்கள் ஊரில் விழுந்த கூரைகள் பல, சுமை தாங்காமல் கீழே விழவில்லை. காற்று அவற்றை மேலே தூக்கிக்கொண்டு போனது. கைமரம் முறியாமல் முழுசாகப் பக்கத்து வயலில் கிடந்தது. சுவரோடு அதைப் பிடித்திருந்த ஆணி மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. நீங்கள் எல்லோரும் கூரை கீழே இறங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். கடற்கரைக்காரர்கள் அது மேலே போவதைப் பற்றியும் கவலைப்பட வேண்டும்.

கம்பியும் கட்டையும் எழுதியது:

இந்த இழையில் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியதை நீங்கள் எழுதிவிட்டீர்கள், நன்றி. கடலூர்க் கடற்கரைக்குக் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை கூறும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம். ஓட்டின் எடை 65 கிலோதான். ஒரு கைமரத்தின் பங்கு 1.44 சதுர மீட்டர் என்பதால், அந்த அழுத்தம் முழுவதும் மேல்நோக்கி இழுத்தால் 216 கிலோ வரும். எல்லா இடத்திலும் அவ்வளவு வராது; ஆனால் இறவாரத்திலும் முக்கோணச் சுவரின் ஓரங்களிலும் அதற்கு மேலேயே வரக்கூடும். 2011 டிசம்பர் 30 தானே புயலைக் கண்ட ஊர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கைமரத்திலிருந்து சுவர்த்தகடு (கைமரம் உட்காரும்படி சுவர்மேல் கிடத்தும் கட்டை), அதிலிருந்து சுவரின் உச்சியில் ஓடும் கான்கிரீட் பட்டை, அதிலிருந்து அடித்தளம் என்று இடைவெளி இல்லாமல் ஒரு சங்கிலிபோல் பிணைப்பு போக வேண்டும். கான்கிரீட் பட்டை வார்க்கும்போதே 12 மில்லிமீட்டர் நங்கூர போல்ட்டுகளைப் பதித்துவிடுங்கள். இறவாரத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டாதீர்கள். இறவார ஓரத்து இரண்டு வரிசை ஓடுகளையாவது துளையிட்டுக் கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள்.

உளியும் இழைப்பும் எழுதியது:

பிணைப்பு என்று வந்துவிட்டதால் என் பங்குக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். உருட்டுக் கம்பில் தேக்குக்குச் செய்வதுபோல் மூட்டுப் பொருத்துவதற்காக வெட்டிப் பாதிக்குப் பாதி குடையக் கூடாது. எந்த இடத்தில் சுமை அதிகமோ அந்த இடத்தையே மெலிதாக்குகிறோம். கம்பு உட்காரும் இடத்தில் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் தட்டையாக இழைத்து அமர்த்தினால் போதும்.

ஆணியை நம்பாதீர்கள். துளையிட்டுப் போல்ட் போடுங்கள். இருபுறமும் பெரிய வாஷர் வையுங்கள். துளைக்கும் கம்பின் முனைக்கும் இடையில் போல்ட்டின் விட்டத்தைப் போலக் குறைந்தது ஏழு மடங்கு கட்டை இருக்க வேண்டும்; இல்லையேல் இழுக்கும்போது முனை பிளந்துவிடும். டிரஸ்ஸின் கீழ்க்கம்பில் இழுவிசை வருவதால் அந்த மூட்டுக்கு இருபக்கமும் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை கொடுத்து இரண்டு போல்ட் போடுவது என் வழக்கம். மரம் காயக் காயச் சுருங்கி நட்டு தளரும். முதல் ஆண்டில் இரண்டு முறை ஏறி இறுக்கியே ஆக வேண்டும். கம்புகளை அடிமுனை, நுனிமுனை என்று மாற்றி மாற்றி வைத்தால் ரீப்பர் மட்டம் கெடும். எல்லாக் கைமரத்துக்கும் அடிமுனை சுவர்ப்பக்கமே இருக்கட்டும்.

மலையடிவாரம் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஏழு ஆண்டு மலைவேம்பு நாற்பது மரம் இருக்கிறது. நன்றாகப் பருத்து, நேராக இருக்கிறது. அதையும் இப்படிப் பயன்படுத்தலாமா?

மரத்தின் வேதி எழுதியது:

மலைவேம்பு வேறு வகை மரம். தேக்கின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ; முதிர்ந்த சவுக்கு 800ஐத் தாண்டும்; மலைவேம்பு 500க்கும் கீழே நிற்கும். அடர்த்தி குறைந்தால் வலிமையும் போல்ட்டைப் பிடிக்கும் திறனும் அதற்கேற்பக் குறையும். உரித்துத் தகடாக்கி ஒட்டுப்பலகை செய்வதற்கு அது மிகச் சிறந்தது. உங்கள் மரத்துக்கு நல்ல விலை கிடைப்பதும் அங்கேதான். அறுத்தால் சவுக்குபோல் முரண்டு பிடிக்காது என்பதால் மருந்தேற்றி உட்கூரைப் பலகைக்கும் கதவு உட்சட்டத்துக்கும் எடுக்கலாம். நீண்ட உத்தரத்துக்கும் வளைக்கும் வேண்டாம்.

நெய்தல்தோப்பு எழுதியது:

பதினான்கு மாதங்கள் கழித்து எழுதுகிறேன். பொறுமையாக வழிகாட்டிய அனைவருக்கும் நடந்ததைத் தெரிவிப்பது முறை.

தை மாதம் வெட்டி, மூன்று நாளில் பட்டை உரித்தோம். மண்ணில் நீளமாகப் பள்ளம் தோண்டி, இரட்டைத் தார்ப்பாய் விரித்து, அதில் வெங்காரக் கரைசல் நிரப்பிக் கம்புகளைக் கல் ஏற்றி அமிழ்த்தினோம். ஒரு வாரம் ஊறியபின் மூடி வைத்து, பிறகு ஐந்து மாதம் நிழலில் காயவைத்தோம். 64 கம்புகளை மூட்டை கட்டிச் சோதித்ததில் 13 கம்புகள் தோற்றன. கண்ணுக்கு மிக அழகாகத் தெரிந்த, வரப்போரத்துத் தடித்த கம்புகளில் ஐந்து அதில் அடக்கம்; நெருக்கத்தில் நின்ற ஒல்லிக் கம்புகள் பெரும்பாலும் தேறின. முதலில் "ஆகாது" என்ற கொத்தனார் இரண்டாம் நாள் தாமாகவே வந்து அளவுகோலைப் பிடித்துக்கொண்டார்.

பொறியாளர் ஐயா சொன்னபடி மூன்று டிரஸ், இருபக்கமும் நடுவளை. பிணைப்புக்கான போல்ட்டும் இரும்புப் பட்டையும் நான் நினைத்ததைவிட அதிகச் செலவு வைத்தன என்பதை, இதைப் படித்துத் தொடங்க நினைப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இரும்புச்சட்டம் ஐயா எச்சரித்த கால தாமதமும் உண்மைதான். ஒரு பட்டம் பயிர் செய்யும் நேரம் இதற்கே போயிற்று.

வடகிழக்குப் பருவமழை முடிந்து சென்ற வாரம் ஏறிப் பார்த்தேன். முகட்டு நூல் நேராக இருக்கிறது. நட்டுகளை இறுக்கினோம், ஏறக்குறைய எல்லாமே அரைச் சுற்றுக்குமேல் இறங்கின. தெற்குப் பக்கத்து நான்காவது கைமரத்தின் கீழே மட்டும் தரையில் மாவுபோல் வெள்ளைத் தூள் சிந்தியிருந்தது. மேலே பார்த்தால் ஒரு கணுவின் மடிப்பில் உள்ளங்கை அளவுக்குப் பட்டை உரிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஏழெட்டுத் துளைகள். சோதனையில் தேறி மீந்திருந்த கம்புகளில் ஒன்றை மருந்தில் நனைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்து ஓடுகளை இறக்கி, கைமரத்தை மாற்றப் போகிறோம்.